பின்னல் பறக்க ஓடிய தேரோட்டி

(நெருளில் நடந்த தமிழ் இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)

ஞாயிற்றுக்கிழமை, மும்பை ஹார்பர் லைனில் ரயில் மெகா பிளாக், இவ்வளவையும் தாண்டித் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நெருள் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். அதற்காகவாவது உங்களைக் கொஞ்சம் சிரிக்கவைத்து அனுப்ப வேண்டும். எடுத்துக்கொண்ட பொருளும் அதற்குத் தோதானதுதான்: போரில் வேடம். பெண் ஆணாகிறாள், ஆண் பெண்ணாகிறான், நடுவில் ஒரு யுத்தம்.

ஓர் ஆங்கில நாவலில் தொடங்குகிறேன். டெர்ரி பிராட்செட் என்ற எழுத்தாளர், 2015-ல் காலமானவர், ‘டிஸ்க்வேர்ல்ட்’ என்று ஒரு கற்பனை உலகத்தைப் படைத்து 41 நாவல்கள் எழுதினார். அந்த உலகம் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. ஆமையின் முதுகில் நான்கு யானைகள், யானைகளின் முதுகில் தட்டையான பூமி. இந்த வரிசையில் 2003-ல் வந்தது ‘மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்’. போரோகிரேவியா என்று ஒரு நாடு. அண்டை நாடுகள் எல்லாவற்றோடும் ஓயாமல் சண்டை. அந்த நாட்டுத் தெய்வத்துக்குக் கொஞ்சம் மூளை பிசகிவிட்டது. பூண்டு பாவம், சாக்லேட் பாவம், பூனை பாவம், நீல நிறம் பாவம் என்று பாவப் பட்டியல் நாளுக்கு நாள் நீள்கிறது. பெண் கால்சட்டை போடுவதும் அதில் உண்டு. போலி என்ற பெண், போருக்குப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடி, முடியை வெட்டிக்கொண்டு ஆலிவர் என்ற பெயரில் படையில் சேருகிறாள். நடை, ஏப்பம், திட்டு என்று ஆணாக இருக்கத் தேவையான கலைகளைப் பயில்கிறாள். யாரோ ஒருவர் ரகசியமாக யோசனை சொல்கிறார்: ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டிக் கால்சட்டைக்குள் வை, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அது பார்த்துக்கொள்கிறது. நெஞ்சு தானாக நிமிர்கிறது, குரல் தடிக்கிறது.

பிறகுதான் வேடிக்கை. பக்கத்தில் நிற்கும் சிப்பாய் பெண். அவனுக்கு அடுத்தவனும் பெண். காப்பிக்கு ஏங்கும் இரத்தக்காட்டேரி ஒன்று, பாறையாலான பூதம் ஒன்று, அவையும் பெண்கள். கடைசியில் தொப்பை பெருத்த, வாய் ஓயாத, பல போர் கண்ட சார்ஜன்ட் ஜாக்ரமும், மேலே உட்கார்ந்து கட்டளையிடும் தளபதிகளில் சிலரும்கூட. படை முழுக்க ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பொய்யைச் சுமந்துகொண்டு நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு நிஜ ஆண் அதிகாரி உண்டு. எதிரிக் கோட்டைக்குள் புகுவதற்கு அவர்தான் சலவைக்காரியாக வேடம் போடுகிறார், அதில் அவருக்கு வேர்க்கவே இல்லை. பெண்களாகப் பிறந்தவர்கள்தான் வாசல் காவலர்களின் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள்.

இதை வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. நம் மண்ணிலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது. ஹன்னா ஸ்நெல், 1723-ல் இங்கிலாந்தில் பிறந்தவள். கைவிட்டுப் போன கணவனைத் தேடி, தன் அக்காள் கணவரின் பெயரை எடுத்துக்கொண்டு, ஜேம்ஸ் கிரே என்று கடற்படை வீரர் அணியில் சேர்ந்தாள். கப்பல் அவளைக் கொண்டுவந்து இறக்கியது சோழமண்டலக் கரையில். 1748-ல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அந்தப் படையில் அவளும் ஒருத்தி. கோட்டைக்குள்ளே துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அன்றாடம் விழுந்த குண்டுகளைத் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே, சேற்றில், ஆண் உடையில் ஒரு பெண். காயம்பட்டாள். இடுப்புக்குக் கீழே பாய்ந்த குண்டை மருத்துவரிடம் காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்று, உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் உதவியோடு தானே எடுத்துக்கொண்டதாக அவளது வரலாறு சொல்கிறது. அந்த வரலாறு 1750-ல் லண்டனில் அச்சானது. பதிப்பாளர் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்திருக்கிறார், எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவள் இருந்தாள், வந்தாள், சண்டை போட்டாள். ஊர் திரும்பி உண்மையைச் சொன்ன பிறகு, நாடக மேடையில் சிப்பாய் உடையோடு ஏறிப் பயிற்சி செய்து காட்டினாள். அரசு ஓய்வூதியமும் கொடுத்தது. எனக்கு அந்த உள்ளூர்ப் பெண்ணைப் பற்றித்தான் ஆவல். துரை என்று நினைத்து மருந்து அரைத்துக்கொண்டு போனவள் என்ன கண்டாள், வீட்டுக்கு வந்து யாரிடம் என்ன சொன்னாள்? அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஹன்னா வந்து இறங்கிய நாட்டின் கதைகளோ நேர்மாறானவை. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மேற்கிலும் சீனத்திலும் போருக்குப் போகும் பெண் ஆணாகிறாள். போலி, ஹன்னா, சீனத்து மூலான் எல்லோரும் அப்படித்தான். நம் கதைகளில் பெண் போருக்குப் போனால் பெண்ணாகவே போகிறாள். மதுரைத் தடாதகை திசையெல்லாம் வென்று கயிலாயம் வரை போனாள். யாருக்கும் பயந்து மீசை ஒட்டிக்கொள்ளவில்லை. சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகமும் திக்விஜயமும் முடிந்த பிறகுதான் திருக்கல்யாணம். முதலில் முடி, பிறகு போர், பிறகுதான் மாப்பிள்ளை. ஆக, நம்மூரில் வேடம் போட வேண்டிய அவசியம் யாருக்கு வருகிறது? ஆணுக்கு.

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதைக்குப் போய்ப் பாருங்கள். மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்று பேடு. வாணாசுரன் சிறைவைத்த அநிருத்தனை மீட்க, காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் அசுரன் நகரத்துக்குள் ஆடிக்கொண்டே நுழைகிறான். இன்னொன்று பாவை. அவுணர்கள் போர்க்கோலத்தில் நிற்க, திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடி அந்தக் கோலத்தைக் கலைக்கிறாள். இரண்டும் போரை ஆடி முடிக்கிற வேலைகள். மணிமேகலையிலும், புகார் வீதியில் பேடிக் கோலத்தில் ஒருவர் ஆடுவதைச் சுற்றி நின்று ஊர் பார்க்கிறது. காப்பியக் காலத்திலேயே இது கூட்டம் கூடும் காட்சி.

சரி, விராட பருவத்துக்கு வருவோம். போர், வேடம், நகைச்சுவை மூன்றையும் இவ்வளவு நுட்பமாகப் பின்னிய கதை உலகத்தில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். மழை வேண்டி ஊர்களில் விராட பருவம் படிக்கும் வழக்கம் உண்டு. பாரதத்தின் பதினெட்டுப் பருவங்களில் அழுகை குறைந்து சிரிப்பு நிறைந்தது இதுதான் என்பதால் வருண பகவானுக்கும் பிடித்துப்போயிருக்கலாம்.

பாண்டவர்களுக்குப் பன்னிரண்டு வருட வனவாசம் முடிந்தது. பதின்மூன்றாம் வருடம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க வேண்டும். தருமன் சூதாடத் தெரிந்த பிராமணன், வீமன் சமையல்காரன், திரௌபதி ராணிக்குப் பூத்தொடுக்கும் பணிப்பெண். அருச்சுனன்? பேடியாகும்படி இந்திரலோகத்தில் ஊர்வசி இட்ட சாபம் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதை இந்த வருடத்துக்கு எடுத்துச் செலவழிக்கிறான். பிருகந்நளை என்ற பெயரில், பின்னலும் வளையலுமாக, மன்னன் விராடன் மகள் உத்தரைக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுக்க வருகிறான். சாபத்தைச் சேமித்து வைத்து வேண்டும்போது பயன்படுத்திய ஒரே ஆள் அவன்தான். விராடனும் லேசுப்பட்டவன் இல்லை. அந்தப்புரத்துக்குள் அனுப்பும் முன், ஆள் ஆண்தானா இல்லையா என்று பெண்களை வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் அனுப்பினான். பிராட்செட்டின் கோட்டை வாசல் காவலர்களுக்கு முன்னோடி.

வருடம் முடியப்போகிறது. ராணியின் சகோதரன் கீசகன் செத்த செய்தி அஸ்தினாபுரத்துக்கு எட்டி, பாண்டவர்கள் இங்கேதான் இருக்க வேண்டும் என்று துரியோதனன் மோப்பம் பிடிக்கிறான். திரிகர்த்தன் சுசர்மன் ஒரு பக்கம் மாடுகளை ஓட்டிப் போக, விராடன் படையோடு அவனைத் துரத்துகிறான். மறுபக்கம் கௌரவர்கள் மாடுகளை வளைக்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. செங்கம் பக்கம் பல்லவர் காலத்து நடுகற்களைப் பார்த்தால், மாடு மீட்கப்போய்ச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் வரிசையாக நிற்கும். அந்தத் திருவண்ணாமலை வட்டாரம் தெருக்கூத்துக்கும் பேர்போனது. அந்தக் கூத்தில் இந்தக் கதைக்குப் பெயர் ‘மாடுபிடி சண்டை’. எவ்வளவு சரியான பெயர் பாருங்கள். மகாபாரத யுத்தத்தின் ஒத்திகையே மாட்டுச் சண்டைதான்.

அரண்மனையில் மிச்சம் இருக்கும் ஆண்பிள்ளை இளவரசன் உத்தரன். ஆயர்கள் ஓடிவந்து மாடு போச்சு என்கிறார்கள். பெண்கள் சூழ்ந்திருக்கும் சபையில் உத்தரன் மார்தட்டுகிறான்: நல்ல தேரோட்டி ஒருவன் மட்டும் கிடைத்தால் இன்றைக்குக் கௌரவர்கள் என்னை அருச்சுனன் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அருச்சுனன் அங்கேயே, காலில் சலங்கையோடு, கேட்டுக்கொண்டு நிற்கிறான். திரௌபதி சும்மா இருப்பாளா? பிருகந்நளைக்குத் தேர் ஓட்டத் தெரியும் என்று சொல்லிவைக்கிறாள். அந்தப் பெண்ணின் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சபையில் துகில் உரிந்தபோது வாய்மூடி நின்ற கணவனை, வளையலோடு போர்க்களத்துக்கு அனுப்புகிறாள்.

இனிமேல் அருச்சுனன் நடிப்பதைப் பார்க்க வேண்டும். எனக்குப் பாட்டு, கூத்துதானே தெரியும், தேராவது ஓட்டுவதாவது என்று நெளிகிறான். கவசத்தைக் கொடுத்தால் தாறுமாறாக மாட்டிக்கொள்கிறான். பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். உலகத்திலேயே சிறந்த வில்லாளி, கவசம் மாட்டத் தெரியாதவன்போல நடிப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்? தன் வீரத்தில் சந்தேகம் உள்ளவனால் இந்த நகைச்சுவையைச் செய்ய முடியாது. உத்தரை, வரும்போது கௌரவர்களின் பட்டுத் துணிகளைக் கொண்டுவாருங்கள், பொம்மைகளுக்கு உடுத்த வேண்டும் என்று கேட்கிறாள். துரோணரின் உத்தரீயம் பொம்மைக்குப் பாவாடை. கவனியுங்கள், அந்தத் துணிகள் உண்மையிலேயே வந்து சேரப்போகின்றன.

கௌரவர் சேனையைக் கண்ட மாத்திரத்தில் உத்தரனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. பக்தியால் அல்ல. தேரிலிருந்து குதித்து ஊர்ப்பக்கம் ஓட்டம் பிடிக்கிறான். பிருகந்நளை கடிவாளத்தைப் போட்டுவிட்டு, நீளப் பின்னல் முதுகில் அடிக்க, சிவப்புச் சேலை காற்றில் பறக்க, அவன் பின்னால் ஓடுகிறாள். எதிரே பீஷ்மர், துரோணர், கர்ணன், அசுவத்தாமன் என்று உலகத்துப் பெருவீரர்கள் வில்லேந்தி நிற்கிறார்கள். அவர்களது வாழ்நாளில் இப்படியொரு போர்த் தொடக்கத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். சிப்பாய்கள் சிரிக்கிறார்கள். பெரியவர்களுக்கோ அந்தத் தோள், அந்தக் கழுத்து, அந்த ஓட்டம் எங்கேயோ பார்த்ததாக உறுத்துகிறது. வேடத்தை முதலில் ஊடுருவிப் பார்ப்பது எதிரிதான். ஒரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

நூறு அடிக்குள் உத்தரனின் குடுமியைப் பிடித்துவிடுகிறாள். அவன் பேரம் பேசுகிறான்: பொன் தருகிறேன், யானை தருகிறேன், விட்டுவிடு. வேண்டாம், நீ தேரை ஓட்டு, நான் சண்டை போடுகிறேன். இருவரும் இடம் மாறுகிறார்கள். சுடுகாட்டோரம் வன்னி மரத்தில் ஆயுதங்கள் இருக்கின்றன. பாண்டவர்கள் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டபோது, ஒரு பிணத்தையும் சேர்த்துக் கட்டி, இது எங்கள் அம்மா, 180 வயது, எங்கள் குல வழக்கம் இப்படி என்று போகிற வருகிற இடையர்களிடம் சொல்லியிருந்தார்கள். வியாசரின் இந்த நகைச்சுவைக்கு ஆதாரம் தேடி அலையாதீர்கள், சிரித்துவிட்டு நகருங்கள்.

சண்டையை நான் விரிக்கவில்லை. வென்றான் என்பது தெரியும். மயக்க அத்திரத்தை விட்டுச் சேனை சாய்ந்ததும், உத்தரனைப் பார்த்து, போ, அந்தத் துணிகளை எடுத்துவா என்கிறான். துரோணரின் வெள்ளை, கர்ணனின் மஞ்சள், துரியோதனனின் நீலம். யுத்தத்தின் நடுவில் ஒரு சிறுமியின் பொம்மையை ஞாபகம் வைத்திருந்த வீரன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கதையின் உச்சம் போர்க்களத்தில் இல்லை, அரண்மனையில் இருக்கிறது. மகன் வென்றுவிட்டான் என்று விராடன் ஊரை அலங்கரிக்கச் சொல்கிறான். கங்கன் என்ற பெயரில் இருக்கும் தருமனோடு சூதாட உட்காருகிறான். என் மகன் கௌரவர்களையே வென்றுவிட்டான் பார்த்தாயா என்கிறான். பிருகந்நளை தேரோட்டினால் வெல்லாமல் என்ன என்கிறான் தருமன். மறுபடியும் மகன் புராணம். மறுபடியும் பிருகந்நளை. கோபத்தில் விராடன் காயை முகத்தில் எறிகிறான், தருமன் மூக்கில் இரத்தம். அது தரையில் விழாமல் திரௌபதி கிண்ணத்தில் ஏந்துகிறாள். தருமனின் இரத்தம் போரில் அன்றி வேறெங்கே சிந்தக் கண்டாலும், சிந்தவைத்தவனைக் கொல்வதாக அருச்சுனன் விரதம். எனவே வாசலில் காத்திருக்கும் இருவரில் உத்தரனை மட்டும் உள்ளே விடு, பிருகந்நளையை விடாதே என்று தருமன் காவலாளியின் காதில் சொல்கிறான். ஒரு நாட்டு ராஜாவின் உயிர் ஒரு கிண்ணத்தில் நிற்கிறது, ராஜாவுக்குத் தெரியாது.

உள்ளே வந்த உத்தரன் செய்ததுதான் எனக்கு முக்கியம். வெற்றியை உன்னுடையது என்றே சொல்லிக்கொள் என்று அருச்சுனன் சொல்லி அனுப்பியிருக்கிறான். உத்தரன் அப்படிச் சொல்லவில்லை. நான் வெல்லவில்லை, தேவகுமாரன் ஒருவன் வந்து வென்றான், நாளையோ மறுநாளோ வெளிப்படுவான் என்கிறான். காலையில் வாய்ப்பந்தல் போட்ட பையன், மாலையில் தகப்பன் முன்னால், ஊர் மேளம் அடிக்கும்போது, உண்மையைச் சொல்கிறான். ஓடியதற்காக அவனைப் பார்த்துச் சிரிக்கிற நாம், இந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கூத்துக்காரர்களில் பலரும்கூட இதை வேகமாகக் கடந்துபோகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

இந்தப் பருவத்துக்கு மும்பையோடும் ஓர் உறவு உண்டு. 1907-ல் காடில்கர், திலகரின் ‘கேசரி’யில் எழுதிய அதே காடில்கர், ‘கீசக வத்’ என்ற மராட்டி நாடகம் எழுதினார். திரௌபதி பாரதமாதா, கீசகன் வைஸ்ராயாக இருந்த கர்ஸன் பிரபு என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் 1910-ல் அரசு தடை செய்தது. புராண வேடம் போட்டால் போலீஸ் கண்டுகொள்ளாது என்று நினைத்திருந்தார்கள். சில வருடங்கள் வரை அது நடந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில், நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமும் ‘கீசக வதம்’தான். ஊருக்கு ஊர் வழங்கும் கதையில் கீசகனுக்காக இருட்டில் சேலை கட்டிக் காத்திருப்பவன் வீமன். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வருடத்தில் சேலை கட்டினார்கள், ஒருவன் கற்றுக்கொடுக்க, ஒருவன் கொல்ல.

மராட்டிக்காரர்களிடம் பால கந்தர்வரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் கண் மின்னும். நாராயண ராஜஹன்ஸ் என்ற அந்தப் பாடகர் பெண் வேடத்துக்காகவே வாழ்ந்தார். காடில்கரின் ‘மானாபமான்’ நாடகத்தில் அவர் ஏற்ற பாமினி, ஏழைப் பெண்ணாக வேறொரு வேடம் போடுகிறாள். ஆண் பெண்ணாகி, அந்தப் பெண் இன்னொரு பெண்ணாகிறாள். 1921-ல் திலக் சுயராஜ்ய நிதிக்காகப் பம்பாயில் அவரும் கேசவராவ் போஸ்லேயும் சேர்ந்து அந்த நாடகத்தை நடத்தினார்கள். அதே காலத்தில் சென்னைச் சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாரோடு கதாநாயகியாக நடித்த ரங்கவடிவேலு தொழிலால் வக்கீல். தாராவியில் திருநெல்வேலிச் சொந்தக்காரர்களுக்கு நான் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சுடலைமாடன் கொடையில் மகுடம் அடிக்க, பெண் வேடம் கட்டி இருவர் ஆடும் கணியான் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள்.

இப்போது அல்லி. புகழேந்திப் புலவர் பெயரில் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகிச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற ‘அல்லி அரசாணி மாலை’. நளவெண்பா பாடிய புகழேந்தி இதை எழுதியிருக்க முடியாது என்பது அறிஞர் கட்சி. எழுதியவர் யாரானாலும் மக்கள் மனசு தெரிந்தவர். மதுரைப் பாண்டியன் வீட்டில் வளர்ந்த அல்லி, நாட்டைப் பறித்த நீன்முகனைக் கொன்று அரியணை ஏறுகிறாள். மந்திரி பெண், சேனாபதி பெண், காவல் பெண். ஆண்களுக்கு அங்கே குரல் கிடையாது. மாலை ஆறரை மணிக்குக் குர்லாவிலிருந்து பன்வேல் போகும் ரயிலில் லேடீஸ் பெட்டியைப் பார்த்திருப்பீர்களே, தப்பித் தவறி ஏறிய ஆண்பிள்ளை அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் படும் பாட்டையும் பார்த்திருப்பீர்கள். அல்லியின் மதுரை அதுதான், தலைநகரமும் படையும் சேர்த்து.

இந்த நாட்டுக்குள் நுழைய அருச்சுனன் ஆசைப்படுகிறான். வில்லை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போலக் கண்ணனைக் கூப்பிடுகிறான். கண்ணன் பாம்பாட்டியாக, அருச்சுனன் பாம்பாக, மகுடி ஊதிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வருகிறார்கள். காண்டீபத்தால் முடியாததைக் கூடையில் சுருண்டு படுத்து முடிக்கப் பார்க்கிறான். இவ்வளவுக்கும் அல்லி வேடம் எதுவும் போடவில்லை. தன் முகத்தோடு, தன் வாளோடு இருக்கிறாள். மூன்று உலகமும் புகழும் ஆண்தான் வேளைக்கொரு உருவமாக மாறி வாசலில் கெஞ்சுகிறான். இதைச் சந்தையில் வாங்கி, இரவில் விளக்கு வைத்து, உரக்கப் படிக்கக் கேட்ட நம் பாட்டிமார்கள் எந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் முடிவு என் தொண்டையில் நிற்கிறது. தூங்கும்போது தாலி கட்டுகிறான். விழித்துப் பார்த்து அல்லி கொதிக்கிறாள், போருக்கு எழுகிறாள், கடைசியில் மனைவியாகிறாள், புலந்திரனுக்குத் தாயாகிறாள். கேட்கிறவர்களும் படிக்கிறவர்களும் இதைச் சுபம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது சுபமாகப் படவில்லை. அவ்வளவு பெரிய ராஜ்யத்தைக் கட்டி எழுப்பிய கதைக்காரர், அதை ஒரு மஞ்சள் கயிற்றில் முடிச்சுப்போட்டு விட்டுவிட்டார். ஆனால் பின்னால் வரும் ‘பவளக்கொடி மாலை’யிலும் ‘ஏணியேற்ற’த்திலும் அல்லி அடங்கிப்போனதாகத் தெரியவில்லை. மக்களும் அவளை விட்டுவிடவில்லை. மனைவி பேச்சு எடுபடும் வீட்டைப் பார்த்து ‘அல்லி ராஜ்யம்’ என்று முணுமுணுக்கிறோம். பிராட்செட் தன் நாவலுக்குத் தலைப்பை எடுத்ததும் 1558-ல் ஜான் நாக்ஸ் என்ற பாதிரியார் பெண்கள் ஆள்வதைக் கண்டித்து எழுதிய துண்டுப் பிரசுரத்திலிருந்துதான். ஆக, முணுமுணுப்பு இரண்டு ஊரிலும் ஒன்றே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேடக் கதைகளில் சிரிப்பு எப்போதும் நியாயமானதாக இல்லை. உத்தரன் ஓடும்போது பெண்ணைப்போல் ஓடினான் என்று கேலி செய்யும் மேடைகள் உண்டு. அந்த நிமிடத்தில் அவனைத் துரத்தி ஓடுகிறவர் பெண் கோலத்தில் இருக்கிறார், கௌரவ சேனையையே விரட்டப்போகிறவர் அவர்தான் என்பதைப் பபூன் மறந்துவிடுகிறார். பிருகந்நளையின் சேலையைக் காட்டி அடிக்கும் சில மட்டமான நகைச்சுவைகள், கூத்து முடிந்த பிறகு ரயில் பெட்டியில் கைதட்டிக்கொண்டு வரும் திருநங்கையின் மேல் போய் விழுகின்றன. வியாசர் சிரிப்பை அங்கே வைக்கவில்லை. விராடன் மேலும், வாய்ச்சொல் உத்தரன் மேலும், தன் கண்ணையே நம்பத் தயங்கிய கௌரவர்கள் மேலும்தான் வைத்தார். விராடன் உண்மை தெரிந்ததும் மகளை அருச்சுனனுக்கே தருகிறேன் என்கிறான். ஒரு வருடம் கற்றுக்கொடுத்தவன், எனக்கு அவள் மகள் மாதிரி, மருமகளாக ஏற்கிறேன் என்று தன் மகன் அபிமன்யுவைச் சொல்கிறான். அந்த அந்தப்புரத்தில் பிருகந்நளை பொய்யாக வாழவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தோன்றவில்லை.

பிராட்செட்டின் நாவலில் சார்ஜன்ட் ஜாக்ரமுக்கு இப்படி ஒரு வருடக் கணக்கு இல்லை. வாழ்க்கை முழுக்க ஆணாகவே இருந்தாயிற்று. இனி மகனைத் தேடிப் போனால் தாயாகப் போவதா, தகப்பனாகப் போவதா? பதக்கங்களோடு தகப்பனாகவே போ என்று போலி யோசனை சொல்கிறாள். நாவலில் என்னை உலுக்கிய இடம் அது. வேடத்தைக் கலைப்பதுதான் விடுதலை என்று எல்லாருக்கும் ஒரே விதி எழுத முடியாது.

நகைச்சுவைக் கதைகள் போரை நிறுத்துவதில்லை. பிராட்செட்டின் கதையிலும் சமாதானம் சில காலம்தான், மறுபடி சண்டை மூளுகிறது, போலி மறுபடி கிளம்புகிறாள். விராட பருவத்தை மூடிவிட்டு உத்தியோக பருவம், பீஷ்ம பருவம் என்று திறந்தால், குருக்ஷேத்திரத்தின் முதல் நாளிலேயே யானை மேல் வந்த உத்தரன் சல்லியன் கையால் சாகிறான். அன்றைக்கு அவன் ஓடவில்லை. பதின்மூன்றாம் நாள் அபிமன்யு. பொம்மைக்குப் பட்டுத்துணி கேட்ட பெண் அப்போது கர்ப்பிணி.

அமைப்பாளர்கள் என்ன படிக்கலாம் என்று பரிந்துரை கேட்டிருந்தார்கள். வில்லிபாரதத்தில் நிரை மீட்சிச் சருக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவில் சிறியது, ஒரே மாலையில் வாசித்துவிடலாம். உரை இல்லாமல் முதலில் உரக்கப் படியுங்கள், ஒருவர் உத்தரனாக, ஒருவர் பிருகந்நளையாக. உத்தரன் பாகத்தைப் பெண்களிடம் கொடுங்கள், அந்த வாய்ச்சவடாலை அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். வருடக்கணக்காகக் கேட்டுப் பழகியவர்கள். கேள்விகள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பன்வேல் பக்கம் போகிறவர்கள் முதலில் கேளுங்கள், மெகா பிளாக் முடிந்ததா என்று எனக்குத் தெரியாது.